கண்ணில் விடும் ஆன்டிபயாட்டிக் சொட்டு இரத்தத்தில் கலக்குமா? அளவைக் கணக்கிடும் முறையும் குறைக்கும் முறையும்

கண்ணில் ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்ட இரண்டொரு நிமிடத்தில் தொண்டையின் அடியில் ஒரு கசப்பு தட்டும். மருந்து வாயில் படவே இல்லை, ஆனாலும் கசக்கிறது. கண்ணில் விட்டது கண்ணோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. அந்தக் கசப்பை உணர்ந்த பலருக்கும் அடுத்த கேள்வி தானாக எழுகிறது: தொண்டைக்கு வந்தது இரத்தத்துக்கும் போகுமா, போனால் சிறுநீரகத்துக்கோ கல்லீரலுக்கோ வயிற்றில் வளரும் குழந்தைக்கோ கேடு செய்யுமா?

போகும் என்பதுதான் விடை. கண்ணில் விடும் எந்த மருந்தும் கொஞ்சமாவது இரத்தத்தில் சேரவே செய்யும். ஆகவே ‘கலக்குமா’ என்று கேட்பதைவிட, ‘எவ்வளவு கலக்கும், அந்த அளவை யார் பொருட்படுத்த வேண்டும்’ என்று கேட்பதே பயன் தரும். அந்த அளவை மருந்துப் புட்டியின் லேபிளைப் பார்த்து வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். இரத்தத்தில் சேருவதை ஒரு விரலை வைத்தே பாதிக்கும் கீழே குறைத்துவிடலாம். இவ்விரண்டையும் செய்யும் முறையையும், கணக்கு கைகொடுக்காத சில இடங்களையும் இங்கே விளக்குகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டை இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்துவதற்காக அல்ல, சரியாக விட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சொட்டு போகும் வழி

ஒரு சொட்டின் அளவு, புட்டி முனையின் அமைப்பையும் அதைப் பிடிக்கும் கோணத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். கண்ணின் மேற்பரப்பில் எந்நேரமும் இருக்கும் கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான்; இமைக்காமல் இருந்தால்கூட அந்த இடத்தில் சுமார் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் தங்காது. ஆக, விடும்போதே சொட்டில் ஒரு பகுதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. எஞ்சியதை ஒவ்வொரு இமைப்பும் மூக்கை நோக்கித் தள்ளுகிறது.

கண்ணாடியின் முன் நின்று, கீழிமையின் மூக்கை ஒட்டிய ஓரத்தை மெல்லக் கீழே இழுத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மேலிமையிலும் அதற்கு எதிரே அப்படி ஒன்று உண்டு. கண்ணீர் வடியும் வாய்கள் இவை. இங்கிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக, மூக்கெலும்பின் ஓரத்தில் இருக்கும் கண்ணீர்ப் பைக்கும், அதிலிருந்து மூக்கின் உட்புறத்துக்கும், கடைசியில் தொண்டைக்கும் மருந்து இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும் இந்த வழியால்தான்.

மூக்கின் உட்சவ்வு இரத்த நாளங்கள் நிறைந்த இடம். விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே அதில் ஒரு பகுதி சிதைந்த பிறகே உடலெங்கும் பரவுகிறது; மூக்குச் சவ்வின் வழியாக உறிஞ்சப்படும் மருந்து அந்தச் சுங்கச்சாவடியைக் கடக்காமலே நேராகப் பொது இரத்த ஓட்டத்தில் சேர்ந்துவிடும். இமையின் உட்புறச் சவ்விலும் சிறிதளவு உறிஞ்சப்படுகிறது. கண் சிவந்து வீங்கியிருக்கும்போது அங்கிருக்கும் நாளங்கள் விரிந்திருப்பதால் அது சற்றுக் கூடும். கருவிழியைக் கடந்து கண்ணுக்குள் நுழைவது, பொதுவாக, விட்ட மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மருந்தை விடுவது கண்ணுக்காக என்றாலும் அதில் கண்ணுக்குள் போய்ச் சேர்வது இவ்வளவுதான்.

லேபிளைப் பார்த்துக் கணக்கிடுதல்

சொட்டு மருந்தின் வலிமை சதவீதத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 0.5 சதவீதம் என்றால் 100 மில்லிலிட்டரில் 0.5 கிராம், அதாவது 1 மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம். 1 மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டால் ஒரு சொட்டில் 0.25 மில்லிகிராம். இதையே ஒரு குறுக்கு வழியாகச் சொல்லலாம்: லேபிளில் உள்ள சதவீத எண்ணைப் பாதியாக்கினால், ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பது கிடைத்துவிடும். சொட்டு முழுவதும், ஒரு துளியும் வழியாமல், இரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. ஆனால் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போது கணக்கை மோசமான பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

மாக்ஸிஃபிளாக்சசின் 0.5 சதவீதச் சொட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கண்ணிலும் நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு சொட்டு என்றால், ஆறு சொட்டில் 1.5 மில்லிகிராம். இதே மருந்தின் மாத்திரை 400 மில்லிகிராம், அதுவும் ஒரே விழுங்கில். 5 மில்லிலிட்டர் புட்டியை முழுவதும் காலி செய்தாலும் 25 மில்லிகிராம்தான். ஒரு மாத்திரையில் பதினாறில் ஒரு பங்கு.

இரத்தத்தை எடுத்து அளந்து பார்த்த முடிவுகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன. மாக்ஸிஃபிளாக்சசினை இரண்டு கண்ணிலும் நாளுக்கு மூன்று வேளை விட்டபோது, இரத்தத்தில் கண்ட உச்ச அளவின் சராசரி மில்லிலிட்டருக்கு 2.7 நானோகிராம், மாத்திரை விழுங்கினால் வரும் உச்ச அளவைவிட இது சுமார் 1,600 மடங்கு குறைவு. ஆஃப்லாக்சசின் 0.3 சதவீதச் சொட்டைப் பத்து நாள் விட்ட பிறகு மில்லிலிட்டருக்கு 0.4 முதல் 1.9 நானோகிராம் வரை இருந்தது. இது வாய்வழி மருந்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. சிப்ரோஃபிளாக்சசின் சொட்டை இரண்டு நாள் இரண்டு மணிக்கு ஒருமுறையும், அடுத்த ஐந்து நாள் நான்கு மணிக்கு ஒருமுறையும் விட்டு அளந்தபோதும் 5 நானோகிராமைத் தாண்டவில்லை. நம் வீட்டுக் கணக்கில் வந்ததைவிட வேறுபாடு இன்னும் பெரிதாக இருப்பதற்குக் காரணம், சொட்டில் ஒரு பங்கு வழிந்து வீணாவதும், எஞ்சியது நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்வதும்தான்.

அடிக்கடி விடச் சொன்னால் என்ன ஆகும் என்றும் கேட்கத் தோன்றும். கருவிழிப் புண்ணுக்குச் சிப்ரோஃபிளாக்சசின் விடும் முறை இதில் ஏறக்குறைய உச்சம்: முதல் ஆறு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டு, அந்த நாளின் மீதி நேரம் அரை மணிக்கு ஒருமுறை இரண்டு சொட்டு. கூட்டினால் முதல் நாளில் மட்டும் 120 சொட்டு. இரவெல்லாம் விழித்திருந்து விட வேண்டிய இந்த மருத்துவத்தைக் கண்டு மிரண்டு பாதியில் விடுபவர்கள் உண்டு. 0.3 சதவீதத்தில் பாதி 0.15, அதை 120 ஆல் பெருக்கினால் 18 மில்லிகிராம். அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்தால் வேளைக்கு 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை என்பது சாதாரணம். கருவிழிப் புண்ணில் பார்வையே பறிபோகலாம் என்பதால், இந்த இடத்தில் ‘இவ்வளவு மருந்து உடம்புக்கு ஆகாது’ என்று குறைப்பது பெரிய பிழை. (அந்த மருத்துவத்தின்போது புண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படிவு சிலருக்குத் தோன்றும். அது மருந்தின் படிவுதான், நாளடைவில் கரைந்துவிடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.)

சொட்டுதானே என்று விட்டுவிடவும் முடியாது

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, ‘கண் சொட்டு எதுவானாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது’ என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் 0.5 சதவீதச் சொட்டிலும், நம் குறுக்கு வழியின்படி, அதே 0.25 மில்லிகிராம்தான் இருக்கிறது. ஆனால் அது இதயத் துடிப்பைக் குறைக்கவும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கவும் போதுமானது. பாவையை விரிக்க விடும் அட்ரோபின் 1 சதவீதச் சொட்டில் 0.5 மில்லிகிராம் உள்ளது. பெரியவர்களுக்கு ஊசியாகப் போடும் அளவுக்கு ஏறக்குறைய அது சமம். எல்லாம் ஒரே துளை, ஒரே குழாய், ஒரே மூக்குச் சவ்வு வழியாகத்தான் போகின்றன. டிமோலாலும் அட்ரோபினும் மிகச் சிறிய அளவிலேயே உடலில் வேலை செய்பவை. ஆன்டிபயாட்டிக்குகளோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம் சென்றால்தான் உடலில் வேலை செய்பவை. ஆன்டிபயாட்டிக் சொட்டின் பாதுகாப்புக்குக் காரணம் இந்த இடைவெளிதான். அது கண்ணோடு நின்றுவிடுவது அல்ல.

இந்தக் காரணத்தாலேயே லேபிளை முழுவதும் படிக்க வேண்டியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் புட்டியில் பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். மருந்தின் பெயருக்கு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் கலவைப் பகுதியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அது கலவைச் சொட்டு. அதை மருத்துவர் காரணத்தோடு எழுதியிருப்பார். அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் விட வேண்டும். நாள்கணக்கு நீண்டால் கண்ணின் அழுத்தம் ஏறும், புரை விழும்; கண்ணில் ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்று இருந்தால் அது முற்றிப் பரவும். கைக்குழந்தைகளுக்குத் தொடர்ந்து விட்டதில், இரத்தத்தில் கலந்த ஸ்டீராய்டே உடலின் இயல்பான ஹார்மோன் சுரப்பை அடக்கிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. போன முறை கண் சிவந்தபோது கொடுத்த மிச்ச மருந்தை இந்த முறை எடுத்து விடுவது எனக்கு எப்போதும் அச்சம் தருவது, அதில் உள்ள ஆன்டிபயாட்டிக்கால் அல்ல, இந்த ஸ்டீராய்டால்.

கணக்கு உதவாத இடங்கள்

ஒவ்வாமை அளவைப் பார்ப்பதில்லை. ஒரு மருந்துக்கு உடல் முன்பே எதிர்ப்புக் கொண்டிருந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவும் தடிப்பையோ முகவீக்கத்தையோ மூச்சுத் திணறலையோ கிளப்பிவிடலாம். எனவே மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்துக்கொண்டு ஒவ்வாமை வந்த மருந்து எதுவானாலும், கண் சொட்டு எழுதும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். ‘இது கண்ணுக்குத்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் சல்ஃபாசெட்டமைட் சொட்டைத் தொடக் கூடாது. அரிதாகத் தோலையும் வாயின் உட்புறத்தையும் உரித்துவிடும் கடுமையான எதிர்வினைகள் கண் சொட்டாலும் வந்திருக்கின்றன. கருவிழிப் புண்ணுக்கு மருத்துவமனையில் தயாரித்துத் தரும் செஃபசோலின் போன்ற வலுவான சொட்டுகள், பென்சிலினுக்கு உறவான குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சில கண் சொட்டுகளில் சேர்க்கப்படும் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வேறு விதமாகத் தொல்லை தருவது. அது இரத்தத்துக்குப் போய் ஒன்றும் செய்வதில்லை. இமையின் தோலிலேயே ஒவ்வாமையை உண்டாக்கும். முதலில் கண் தேறுவது போலத் தோன்றும். சில நாளில் இமை சிவந்து, தடித்து, தாங்க முடியாமல் அரிக்கும். நோய் திரும்பிவிட்டது என்று எண்ணிச் சொட்டை இன்னும் கூட்டுவார்கள், அரிப்பும் கூடும். தேறிவந்த கண் சொட்டு விட விட மோசமானால் மருந்தையே சந்தேகிக்க வேண்டும்.

குளோரம்ஃபெனிக்கால் சொட்டைப் பற்றித்தான் உலகம் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இந்த மருந்தை வாய்வழியாகக் கொடுத்த காலத்தில், ஏறத்தாழ 25,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில், எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திவிடும் ஏப்ளாஸ்டிக் அனீமியா என்ற கொடிய நோய் வந்தது. அது அளவைப் பொறுத்து வருவதில்லை என்பதுதான் சிக்கல். அதனால் ‘சொட்டில் 0.25 மில்லிகிராம்தானே’ என்ற நம் கணக்கு இங்கே முழுப் பாதுகாப்புத் தராது. கண் சொட்டு விட்டவர்களில் இந்நோய் வந்ததாகப் பதிவான நிகழ்வுகள் மிகச் சிலவே. அவற்றிலும் சொட்டுதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டனில் 2005 முதல் இந்தச் சொட்டை மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்தாளுநரிடம் வாங்கலாம். அமெரிக்காவிலோ கண் மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தவிர்க்கிறார்கள். என் கருத்தில், தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ எலும்பு மஜ்ஜை நோயோ இரத்த அணுக் குறைபாடோ இருந்திருந்தால் வேறு மருந்து கேட்பதே சரி. மற்றவர்கள் மருத்துவர் சொன்ன ஐந்தாறு நாட்களுக்கு விட்டுக்கொள்வதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை, ஆனால் திரும்பத் திரும்பத் தாமாக வாங்கி விடும் மருந்தாக அதை ஆக்கிக்கொள்ளக் கூடாது.

கைக்குழந்தையிடம் கணக்கு பொய்யாவதில்லை, ஆனால் இடைவெளி சுருங்குகிறது. 3 கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் சுமார் கால் லிட்டர். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 5 லிட்டர். புட்டியிலிருந்து விழும் சொட்டோ இருவருக்கும் ஒரே அளவு. ஆகவே அதே சொட்டு குழந்தையின் இரத்தத்தில் இருபது மடங்கு செறிவாகக் கலக்க வாய்ப்பிருக்கிறது; கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்ற இன்னும் பழகாத வயது வேறு. ஆன்டிபயாட்டிக் சொட்டுகளை மருத்துவர்கள் குழந்தைகளுக்கும் எழுதத்தான் செய்கிறார்கள். இடைவெளி குறைந்தாலும் இல்லாமல் போவதில்லை. ஆனால் சொட்டை எண்ணி விடுவதும், வழிந்ததை உடனே துடைப்பதும், கண்ணின் ஓரத்தை அழுத்துவதும் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே முக்கியம்.

இரத்தத்தில் குறைவாகக் கலப்பது எப்போதும் நன்மை என்றும் சொல்ல முடியாது. பிறந்து 28 நாளுக்குள் குழந்தையின் கண்ணில் சீழ் வடிந்தால் அது தாயின் பிறப்பு வழியிலிருந்து தொற்றிய கொனோரியாவாகவோ கிளமைடியாவாகவோ இருக்கலாம். முன்னது கருவிழியையே துளைத்துவிடும், பின்னது நுரையீரலுக்கும் பரவும். இவற்றுக்கு ஊசியோ வாய்வழி மருந்தோதான் வேண்டும். சொட்டு மட்டும் போதாது, ஏனெனில் சொட்டு உடலுக்குள் போகும் அளவு அவ்வளவு சொற்பம். கண்ணைச் சுற்றி வீங்கிக் காய்ச்சலும் அடிக்கும்போது பெரியவர்களுக்கும் இதே கதைதான்.

இரத்தத்தில் சேர்வதைக் குறைத்து விடும் முறை

கைகளைச் சோப்பால் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர் கழற்றிவிட வேண்டும். தொற்று தீரும் வரை அதைத் திரும்ப அணியாமல் இருப்பதே சரி. கலவைச் சொட்டுகளில் சில அடியில் படியக் கூடியவை. லேபிளில் ‘குலுக்கவும்’ என்றிருந்தால் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லையேல் முதல் வாரம் வெறும் நீரும் கடைசி வாரம் கெட்டியான மருந்துமாகக் கண்ணில் விழும்.

தலையைப் பின்னுக்குச் சாய்த்து மேலே பாருங்கள். ஒரு விரலால் கீழிமையைக் கீழே இழுத்தால் இமைக்கும் விழிக்கும் இடையில் சிறு பை போல் ஓர் இடம் விரியும். புட்டியின் முனை இமையிலோ மயிரிலோ படாதபடி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, அந்தப் பையில் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். ‘இரண்டு சொட்டு’ என்று எழுதப்படாத வரை ஒன்று போதும். அங்கே இருக்கும் இடம் ஒரு சொட்டுக்கே போதாது என்று முன்பே பார்த்தோம். இரண்டாவது சொட்டு முதல் சொட்டை மூக்குக்குத் தள்ளிவிடுமே தவிரக் கண்ணுக்குக் கூடுதலாக எதையும் தருவதில்லை. விட்டது வெளியே விழுந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடலாம்.

அடுத்த சில நொடிகள்தான் இந்தக் கட்டுரையின் பாதி. சொட்டு விழுந்தவுடன் நம் வழக்கம் படபடவென்று இமைப்பது. மருந்தை மூக்குக்கு இறைக்கும் பம்பு அதுவே. அப்படிச் செய்யாமல், தூங்குவது போல இமைகளை மென்மையாக மூடுங்கள். இறுக்கிச் சுருக்க வேண்டாம். மூடியபடியே ஆள்காட்டி விரலின் நுனியை, இரண்டு இமைகளும் மூக்கின் பக்கம் சேரும் மூலையில் வையுங்கள். அங்கே தோலுக்கு அடியில் மூக்கெலும்பின் விளிம்பு கையில் தட்டும். விரலைச் சற்று உருட்டிப் பார்த்தால் அந்த விளிம்பின் மேல் நூல் போல ஒன்று வழுக்குவதையும் உணரலாம். அழுத்தம் அந்த எலும்பை நோக்கியே இருக்க வேண்டும். விழியின் மேல் படக் கூடாது. மூக்கின் பக்கவாட்டிலோ நடுத்தண்டிலோ அழுத்தினால் பயனில்லை. பலரும் பிழை செய்யும் இடம் அதுதான். இரண்டு கண்ணிலும் விட்டிருந்தால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக மூக்கின் மேற்பகுதியைக் கிள்ளுவது போலப் பிடித்து இரு மூலைகளையும் ஒரே கையால் அழுத்திக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று நிமிடம் இப்படி இருப்பது நல்ல பழக்கம். ஐந்து நிமிடம் முடிந்தால் இன்னும் நன்று. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், டிமோலால் சொட்டு விட்டவர்கள் ஐந்து நிமிடம் மூலையை அழுத்தியபோது இரத்தத்தில் சேர்ந்த மருந்து 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அழுத்தாமல் இமையை மட்டும் ஐந்து நிமிடம் மூடியிருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. ஆகவே விரலை வைக்க முடியாதவர்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தாலே போதும். அறுவைச் சிகிச்சை முடிந்த கண்ணையும், மூலையில் சீழ் கட்டி வீங்கியிருக்கும் கண்ணீர்ப் பையையும் அழுத்தக் கூடாது. அங்கே இமையை மூடியிருப்பது ஒன்றே வழி. சரியாக அழுத்தினோமா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. தொண்டைக் கசப்பு வரவில்லை, அல்லது வழக்கத்தைவிட மிகக் குறைந்துவிட்டது என்றால் விரல் சரியான இடத்தில் இருந்திருக்கிறது.

கண்ணைத் திறப்பதற்கு முன் இமையிலும் கன்னத்திலும் நிற்பதைச் சுத்தமான பஞ்சாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுத்துவிடுங்கள். வேறொரு சொட்டும் விட வேண்டியிருந்தால் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். களிம்பு இருந்தால் அது கடைசியில். மருந்து மூக்குக்கு ஓடாமல் கண்ணிலேயே நிற்பதால் கண்ணுக்குக் கிடைக்கும் பங்கும் கூடுகிறது. பாதுகாப்புக்காகச் செய்வது பலனையும் சேர்த்தே தருகிறது.

அடம்பிடிக்கும் குழந்தையின் கண்ணைப் பிரித்து விடப் போராட வேண்டியதில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் சொட்டை விட்டுவிட்டுக் காத்திருங்கள். குழந்தை தானாகக் கண்ணைத் திறக்கும்போது அது உள்ளே இறங்கிவிடும். வழிந்ததைத் துடைத்துவிட்டு மூலையை அழுத்திக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகளும் மற்ற மருந்து எடுப்பவர்களும்

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கண் தொற்று வந்தால், மாத்திரையைவிடச் சொட்டையே மருத்துவர்கள் விரும்புவதற்கு மேலே சொன்ன அளவுக் கணக்கே காரணம். டோப்ராமைசின் சொட்டு, எரித்ரோமைசின் களிம்பு போன்றவை அதிகம் பயன்படுபவை. குளோரம்ஃபெனிக்காலைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிட்டு, எழுதிக் கொடுத்ததை மூலையை அழுத்தி விட்டுக்கொள்வது போதும். கேடு வந்துவிடுமோ என்று மருந்தையே விடாமல் தொற்றை வளரவிடுவதுதான் தவறு.

சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டவர்களுக்குச் சாதாரணமாகச் சொட்டின் அளவை மாற்ற வேண்டியிருக்காது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஃபுளூரோகுவினலோன் (மாக்ஸிஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின் போன்றவற்றின் குடும்பம்) மாத்திரைகள் இரத்தம் உறைவதைப் பாதிக்கக் கூடியவை. சொட்டின் அளவில் அது எதிர்பார்க்கப்படுவதில்லை என்றாலும், எடுக்கும் மருந்துகளைச் சொல்லி வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும், டோப்ராமைசினோ ஜென்டாமைசினோ ஊசியாகவும் போட்டுக்கொண்டிருப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மருந்தே வேண்டியிராத கண்ணில் விடுவதுதான் எல்லாவற்றிலும் வீணானது. ‘மெட்ராஸ் ஐ’ என்று வழக்கில் சொல்லப்படும் கண் சிவப்புக்குப் பெரியவர்களிடம் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. கண்ணின் மேலும் மூக்கிலும் வாழும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்வது மட்டும் மிச்சமாகும்.

புட்டியும் பாதுகாப்பும்

உடலுக்குள் போகக் கூடிய ஆபத்து மருந்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கிருமி புகுந்த புட்டியிலிருந்தும் வரும். 2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டால் மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி 18 மாநிலங்களில் 81 பேரைத் தொற்றியது. நால்வர் இறந்தார்கள், பலர் பார்வையை இழந்தார்கள். அங்கே மருந்து தயாரிப்பிலேயே குறை இருந்தது. வீட்டில் அதே குறையை நாமே உண்டாக்கிவிடக் கூடாது. முனையை எதன் மீதும் படவிடாமல் இருப்பதும், ஒருவர் புட்டியை இன்னொருவர் பயன்படுத்தாமல் இருப்பதும், திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதி வைத்து, லேபிளில் வேறு கெடு இல்லாவிட்டால், 28 நாளில் எறிந்துவிடுவதும் இதற்காகத்தான்.

சொட்டு விட்ட பின் உடலில் தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ அடுத்த வேளையை விடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கண்ணில் வலி கூடுவது, வெளிச்சம் பட்டால் கூசுவது, பார்வை மங்குவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவை இல்லாமல் சிவப்பும் பீளையும் மட்டும் இரண்டு மூன்று நாளாகியும் குறையாவிட்டால் அப்போதும் பார்க்க வேண்டும்.

குழந்தை புட்டியை எடுத்துக் குடித்துவிட்டால், முதலில் செய்ய வேண்டியது அது எந்தப் புட்டி என்று பார்ப்பது. ஆன்டிபயாட்டிக் மட்டும் உள்ள 5 மில்லிலிட்டர் புட்டியில், 0.3 சதவீதமானால் 15 மில்லிகிராமும் 0.5 சதவீதமானால் 25 மில்லிகிராமும்தான் இருக்கும். பெரும்பாலும் பெரிய கேடு வராது, ஆனாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே அலமாரியில் அருகில் நிற்கும், கண் சிவப்பை நீக்குவதற்கான டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின் போன்ற சொட்டுகளின் கதை வேறு: அவற்றில் ஒன்றிரண்டு மில்லிலிட்டரே சிறு குழந்தையை மயக்கத்திலும் மூச்சுத் தளர்ச்சியிலும் ஆழ்த்திவிடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. டிமோலாலும் அட்ரோபினும் அந்த வரிசையில்தான் வரும். இவற்றில் ஒன்றாக இருந்தால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல், காலிப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.